யாருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை

விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே இருக்கும் டைப்பிங் சென்டரில் ஒருவரை நல்லவராக்க அரை மணி நேரம் போதும். ஜெசிந்தாவின் கம்ப்யூட்டரில் அதற்கென்றே ஒரு மாதிரிக் கடிதம் இருந்தது. "மேற்படி நபரை எனக்குப் பல ஆண்டுகளாக நன்கு தெரியும். நன்னடத்தையும் பரோபகார சிந்தையும் உடையவர்" என்று தொடங்கும். பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் மூன்றையும் மாற்றினால் வேலை முடிந்தது. பதினாறு வருடத்தில் அதிலிருந்து பிறந்த நல்லவர்களில் இரண்டு பேர் இப்போது சிறையில் இருந்தார்கள், ஒருவர் சேர்மனாக இருந்தார். கையெழுத்துப் போட்ட பெரிய மனிதர்கள் யாருக்கும் இந்த மூன்று பேரையும் தெரியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை தாண்டவராயன் வந்து, இருபத்து நான்கு சான்றிதழ் வேண்டும் என்றார். நல்லவராக்கப்பட வேண்டியவன் ஜெசிந்தாவின் சொந்த அண்ணன் பிரான்சிஸ்.

தாண்டவராயன் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓமந்தூருக்குப் பக்கத்தில் அவர்கள் ஊரில் பெரிய நிலக்காரர். இப்போது 'கனடா பிரான்சிஸ் மீட்புக் குழு'வின் தலைவர். குழு பிறந்த மறுநாளே லெட்டர்பேடும் பிறந்துவிட்டது. இடது ஓரத்தில் தாண்டவராயனின் படம். வலது ஓரத்தில் அவர் வகித்த, வகிக்கிற, வகிக்க விரும்புகிற பதவிகள். மீட்கப்பட வேண்டியவனின் பெயர் நடுவில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது.

"இதோ பாரும்மா," என்று நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அங்க லாயரு தெளிவா சொல்லிட்டாரு. பொய் சொன்னது சொன்னதுதான், ஒத்துக்கினாச்சு. ஆனா அந்தப் பொய்ய சொன்னவன் எவ்ளோ நல்லது பண்ணிருக்கான்னு காட்டணும். தராசு மாதிரி. இந்தத் தட்டுல ஒரே ஒரு பொய். அந்தத் தட்டுல ஸ்கூல் கட்டடம், தண்ணி டேங்கு, ஆர்ச்சு, ஆம்புலன்சு. எது இறங்கும், நீயே சொல்லு."

"ஆம்புலன்சு ஓடலையே சார்."

"கனடாக்காரன் வந்து ஸ்டார்ட் பண்ணியா பாக்கப் போறான்?"

அவள் 'சார்' என்று சொல்லும்போதெல்லாம் அவர் காதில் ஒரு சின்ன ஈ உட்கார்ந்து எழுந்தது. அவளுடைய அப்பா அவருடைய அப்பாவை 'ஆண்டே' என்றுதான் கூப்பிடுவார். காலம் மாறிவிட்டது. காலனிக்காரன் ஒருவனைக் காப்பாற்றத் தாமே குழு அமைத்திருப்பதை அவர் இரண்டு மேடைகளில் ஏற்கெனவே பேசியும் விட்டார். பள்ளிக் கட்டடத்தின் கல்வெட்டில்கூட 'தாண்டவராயன் அவர்களின் பெருமுயற்சியால்' என்பதுதான் மேலே இருந்தது. பணம் கொடுத்தவனின் பெயர் கொத்தனாரின் பெயருக்கு மேலே வந்தது.

"எல்லா லெட்டர்லயும் கடைசி வரி ஒண்ணுதான். லாயரு கேட்டது," என்று ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்.

*இவர் கூறிய பொய்யால் யாருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை.*

"இருவத்தி நாலாவது உன்னோடது. அதுதான் கிளைமாக்சு. செத்துப்போனதா அவன் எழுதிக் குடுத்த தங்கச்சியே வந்து, எனக்கு ஒரு வருத்தமும் இல்லன்னு சொன்னா ஜட்ஜுக்கே கண்ணு கலங்கிடும். திங்கக்கிழமை வந்து வாங்கிக்கிறேன். அப்புறம், நீ உயிரோட இருக்கன்னு வி.ஏ.ஓ. கிட்ட ஒரு சான்று வாங்கிக்க."

விஷயம் இதுதான். பிரான்சிஸ் 2002-இல் கனடாவுக்குப் போனான். ஏஜெண்ட் சொல்லிக்கொடுத்தபடி, தான் இலங்கைத் தமிழன் என்றும், கிளிநொச்சிப் பக்கம் பிறந்தவன் என்றும், தாயும் தங்கையும் ஷெல் விழுந்து செத்தார்கள் என்றும் எழுதிக் கொடுத்தான். உண்மையில் அவன் பிறந்தது திண்டிவனம் ஆஸ்பத்திரியில். அவன் செத்ததாகச் சொன்ன தாய் சவுரியம்மாள் அன்றைய தேதியில் தாண்டவராயன் கொல்லையில் மல்லாட்டைக் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தாள். தங்கை ஜெசிந்தா டைப்ரைட்டிங் லோயர் பரீட்சைக்குப் பணம் கட்டியிருந்தாள். கதையை நம்பினார்கள். தங்கவிட்டார்கள். குடியுரிமையும் கொடுத்தார்கள்.

பதினேழு வருடம் கழித்து, 2019-இல், யாருக்கும் தெரியாமல் நான்கு நாள் அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தான். தாண்டவராயனுக்குத் தெரிந்துவிட்டது. திண்டிவனம் பஸ் நிலையத்திலிருந்து ஊர் எல்லைவரை பதினொரு பேனர். 'இம்மண்ணில் பிறந்து கனடாவை ஆளும் மண்ணின் மைந்தரே!' கீழே தகப்பன் பெயர், தாய் பெயர், தாயின் படம், பிறந்த வருடம். பிறந்த இடத்தை மறைத்துப் பிழைத்த ஒருவனுக்கு, அவன் பிறந்த இடத்தைப் பத்தடிக்கு எட்டடியில் அச்சடித்துக் கட்டினார்கள். அதைப் படம் பிடித்து முகநூலிலும் போட்டார்கள். டொராண்டோவில் யாரோ அதைப் பார்த்து, அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்பிவைத்தார். "எவனோ வயித்தெரிச்சல் புடிச்சவன்," என்று தாண்டவராயன் இன்றைக்கும் சொல்வார்.

குடியுரிமையைப் பறிக்க விசாரணை தொடங்கிய பிறகுதான், அந்த ஃபைலில் தான் பதினெட்டு வருடமாகச் செத்துக் கிடப்பது ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது. சாகும்போது தனக்கு என்ன வயது என்று மட்டும் கேட்டாள். பதினைந்து என்றான் அண்ணன். சரி என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.

இரண்டு வருடத்துக்கு முன் அம்மா நிஜமாகவே செத்தபோது அவன் வரவில்லை. வீடியோ காலில் அடக்கத்தைப் பார்த்தான். கல்லறைக்கு நல்ல கிரானைட் போடச் சொன்னான். தேதியை மட்டும் இப்போதைக்குப் பொறிக்க வேண்டாம், யாராவது போட்டோ எடுத்துத் தொலைப்பார்கள் என்றான். சவுரியம்மாள் தேதி இல்லாமல் படுத்திருந்தாள்.

அதற்காக அவனைக் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. அம்மாவுக்கு இரண்டு வருடம் வாரத்துக்கு இரண்டு டயாலிசிஸ், எல்லாம் அவன் செலவு. ஜெசிந்தாவின் மகள் பானுப்ரியா நர்சிங் படித்தது அவனால்தான். ஒரு பண்டிகைக்குக்கூட அவன் மறந்ததில்லை. ஜெசிந்தா தட்டில் போட்டுப் பார்க்காமல் இல்லை. அவளுக்கு எந்தத் தட்டும் அசையவில்லை.

புதன்கிழமை காலை வி.ஏ.ஓ. ஆபீசில் நின்றாள்.

"உயிரோட இருக்கிற சான்று பென்ஷன் வாங்கறவங்களுக்குத்தாம்மா குடுப்போம்," என்றார் அவர். "நீங்க பென்ஷனா?"

"இல்ல சார்."

"அப்ப நீங்க சும்மா உயிரோட இருக்கீங்க. அதுக்கெல்லாம் ஃபார்ம் இல்ல. இறப்புச் சான்றுன்னா ஜல்தியா முடிச்சிக் குடுத்துடலாம்."

அவர் நகைச்சுவையாகச் சொல்லவில்லை. அவள் ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு விழுப்புரம் போனாள்.

மதியத்துக்குள் பதினெட்டு சான்றிதழ் முடிந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வார்டு மெம்பர், ரைஸ் மில் முதலாளி, பிரான்சிஸ் வெளிநாடு போன பிறகு ஊருக்கு மாற்றலாகி வந்த கால்நடை மருத்துவர். எல்லாருக்கும் அவனைச் சிறு வயது முதல் தெரிந்திருந்தது. எல்லாரும் யாருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை என்றார்கள். பத்தொன்பதாவதை அடிக்கும்போது லாயரிடமிருந்து மெயில் வந்தது. கடிதங்கள் ஃபைலோடு முரண்படாமல் இருக்க, பிரான்சிஸ் 2002-இல் கொடுத்த வாக்குமூலத்தை அனுப்பியிருந்தார். பதினோரு பக்கம், இங்கிலீஷ்.

நான்காம் பக்கத்தில் ஒரு தையல் மெஷின் இருந்தது.

1996 ஜூலை 27 அன்று ஷெல் அடி தொடங்கியதும் குடும்பமே ஓடியது. பாதி வழியில் தாய், தையல் மெஷினின் தலைப்பகுதியை மட்டுமாவது கழற்றி எடுத்து வருகிறேன் என்று திரும்பிப் போனாள். உதவிக்குத் தங்கையும் பின்னால் ஓடினாள். இரண்டு பேரும் வரவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தபோது வீடு இல்லை. மெஷின் தலை மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் முற்றத்தில் கிடந்தது.

சவுரியம்மாளுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூட வராது.

ஜெசிந்தா இந்தக் கதையை ஏற்கெனவே டைப் அடித்திருக்கிறாள். வருடத்துக்கு இரண்டு தடவை, தமிழில். கம்ப்யூட்டரில் தேடி 'வேணி மனு' என்ற ஃபைலைத் திறந்தாள். கோட்டக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து கிருஷ்ணவேணி என்றொரு பெண் குடியுரிமை கேட்டு மனுக் கொடுக்க வருவாள். மனு எப்போதும் தையல் மெஷினில்தான் தொடங்கும். சுருக்கச் சொன்னால் கேட்க மாட்டாள். அதே தேதி. அதே முற்றம். ஜெசிந்தா என்ற பெயர் இருந்த இடத்தில் மட்டும் வேணியின் தங்கை பெயர், யோகராணி.

இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஏதாவது வர வேண்டும், கோபமோ அழுகையோ, என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. பிரிண்டரில் பேப்பர் தீர்ந்திருந்தது. எடுத்து வைத்தாள்.

மறுநாள் காலை ஏழரைக்கு, திண்டிவனத்தில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"சொல்லு ஜெசி. எல்லாம் ரெடியா?"

"தையல் மெஷின் யாருதுண்ணா?"

அந்தப் பக்கம் டி.வி. சத்தம் குறைந்தது.

"முகாம்ல ஒரு வருசம் பெயிண்ட் வேல செஞ்சேன்ல, போறதுக்கு முன்னாடி. அங்க சவுந்தரன்னு ஒருத்தன். நல்லா பழகிக்கினோம். சாப்பிடறப்போ சொல்லிக்கினே இருப்பான். அவன் பேச்சுலயே எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு."

"வேணியோட அண்ணனா?"

"ஆமா. வேற கதை எனக்குத் தெரியாது ஜெசி. நம்ம கதைய சொன்னா யார் உள்ள விடுவாங்க? கூலி கம்மி, டம்ளர் தனின்னு சொன்னா அதுக்கெல்லாம் அவங்க ஃபார்ம்ல காலமே இல்ல. மூணாவது தடவ சொல்லும்போது எனக்கே அழுகை வந்துடுச்சு தெரியுமா? நெஜ அழுகை."

பஸ் கிளம்பியது. கண்டக்டர் சில்லறை இருக்கா என்றார். கொடுத்தாள்.

"அந்த சவுந்தரன் என்ன ஆனாரு?"

"நான் வந்து ரெண்டு வருசம் கழிச்சி அவனும் இங்க வந்தான். கேஸ் போட்டான். நம்பலையாம். இதே மாதிரி ஏற்கெனவே கேட்டுட்டோம்னு சொன்னாங்களா, இல்ல வேற எதுனாவா, யாருக்குத் தெரியும்? என்னாலயான்னு எனக்குத் தெரியாது ஜெசி, சத்தியமா. இலங்கைக்குத் திருப்பி அனுப்பிட்டாங்க. அப்புறம் தகவல் இல்ல. அதனாலதான் முகாமுக்குக் குளிக்கிற ரூம் பன்னெண்டு கட்டிக் குடுத்தேன்."

"அம்மா என்னைக்குண்ணா செத்தாங்க?"

"ஜூலை இருவத்தேழு."

டக்கென்று வந்தது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வது போல. பிறகு அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு கேட்டது.

"இரு... இரு, ஜெசி. அக்டோபர். அக்டோபர்ல..."

"பதினொண்ணு," என்றாள். "கூட்டேரிப்பட்டு வந்துடுச்சு, சிக்னல் போயிடும். வெச்சிடறேன்."

சிக்னல் போகவில்லை.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஜில்லாவின் குறைகள் எல்லாம் வரிசையில் நின்றன. தாண்டவராயன் பத்து மணிக்கே வந்து, கையெழுத்தாகி வந்த சான்றிதழ்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஜெசிந்தாவுடையது போக இன்னும் ஒன்று குறைந்தது. கிருஷ்ணவேணி உள்ளே வந்தாள். குட்டையான உருவம், கையில் பிளாஸ்டிக் கவர்.

"அக்கா, பழைய மனுதான். தேதியை மாத்தி ஒரு பிரதி எடுத்துத் தாங்கோ."

தாண்டவராயனுக்கு முகம் மலர்ந்தது. "வாங்கம்மா, வாங்க! கடவுளாப் பாத்து அனுப்பிட்டாரு. முகாம்ல குளியலறை கட்டிக் குடுத்தாரே பிரான்சிஸ், அவருக்கு ஒரு லெட்டர் வேணும். நெஜமான அகதியே சொன்னா அதுக்கு வெயிட்டே தனி."

"அகதி எண்டு இப்ப சொல்லக் கூடாதாம் ஐயா. முகாமுக்கு மறுவாழ்வு முகாம் எண்டு பேர் மாத்தியாச்சு. மறுவாழ்வு இனித்தான் வருமாம்."

"அதுக்கென்ன, மறுவாழ்வு லெட்டராவே குடுங்க," என்று அவர் துண்டுச் சீட்டை எடுத்தார். "கடைசியில இந்த வரி மட்டும் வந்தா போதும்."

"வேணி," என்றாள் ஜெசிந்தா. "அதுக்கு முன்னாடி ஒண்ணு படிக்கிறேன், கேளு."

நான்காம் பக்கத்தை வரி வரியாகத் தமிழில் சொன்னாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கடையில் ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முற்றம் வந்ததும் வேணி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"என்ர மனுவை எனக்கு ஏன் வாசிக்கிறியள்? தேதியை மட்டும் மாத்தினாக் காணும்."

"இது உன் மனு இல்ல. எங்கண்ணன் கனடாவுல குடுத்தது. பிரான்சிஸ் எங்கண்ணன்தான்."

தாண்டவராயன் சான்றிதழ்களை எண்ணுவதை நிறுத்தினார். வேணி பிளாஸ்டிக் கவரை மடியில் வைத்து நீவினாள்.

"அங்கை நம்பினவையோ?"

"நம்பினாங்க."

"சவுந்தரன் அண்ணை சொல்லேக்குள்ள நம்பேல்லை." கவரின் வாயை மடித்துவிட்டாள். "உங்கட அண்ணர் வடிவாச் சொல்லியிருப்பார்."

"இதோ பாருங்கம்மா," என்று தாண்டவராயன் முன்னால் சாய்ந்தார். "கதைதானே. நெலம் இல்லியே, ஒருத்தன் எடுத்துக்கினா இன்னொருத்தனுக்குக் கொறஞ்சி போறதுக்கு. அந்தக் கதையால ஒரு குடும்பம் பொழச்சுது, ஒரு ஊரு பொழச்சுது. உங்க முகாம்லயே பன்னெண்டு ரூமு. உங்கம்மா ஆத்மா சந்தோசப்படும்மா."

"அம்மாவுக்கு உங்களையெல்லாம் தெரியாது ஐயா," என்றாள் வேணி. பிறகு ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினாள். "அக்கா, அடியுங்கோ. நான் சொல்றன்."

ஜெசிந்தா மாதிரிக் கடிதத்தைத் திறக்கவில்லை. வெள்ளைப் பக்கத்தை எடுத்தாள்.

"பன்னெண்டு குளியலறை கட்டித் தந்தவர். தண்ணி வருது. கதவுக்கு உள்ளால தாழ்ப்பாள் இருக்கு. முந்தி வயசுப் பிள்ளையள் விடியமுன்னம் எழும்பி ஆக்கள் இல்லாத இடம் தேடிப் போறவை. இப்ப இல்லை. இது உண்மை. அடிச்சிட்டீங்களோ?"

"ம்."

"அந்தத் தையல் மெஷின் எங்கட அம்மான்ர. அம்மான்ர பேர் தங்கமலர். தங்கச்சி யோகராணி. இதுவும் உண்மை."

"கடைசி வரி," என்று தாண்டவராயன் சீட்டை நீட்டினார்.

வேணி அதை வாங்கிப் படித்தாள். "பாதிப்பு இருக்கோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாது. சவுந்தரன் அண்ணையைத்தான் கேக்கோணும். அவரைத் தேடித் தரச் சொல்லி எழுதுங்கோ. திருப்பி அனுப்பின அவையிட்ட விலாசம் இருக்கும்."

கையெழுத்துப் போட்டாள். தன் மனுவின் பிரதியை வாங்கிக்கொண்டு, சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, எதிரே வரிசையில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் நூறு பேராவது இருப்பார்கள்.

"இத அனுப்பக் கூடாது," என்றார் தாண்டவராயன். குரல் தாழ்ந்திருந்தது. குழுத் தலைவருக்குரிய அகலம் அதில் இல்லை. "உன்னுத எங்க?"

ஜெசிந்தா அச்செடுத்து வைத்திருந்ததைக் கொடுத்தாள். ஏழு வரிதான். கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தார்.

*நான் ஜெசிந்தா. உயிருடன் இருக்கிறேன். எங்கள் தாய் சவுரியம்மாள் 2023 அக்டோபர் 11 அன்று சிறுநீரகக் கோளாறால் இறந்தார். நான் அருகில் இருந்தேன். என் அண்ணன் எங்களை இறந்தவர்கள் என்று எழுதிக் கொடுத்தார். எங்களை உயிரோடு வைத்திருந்ததும் அவர்தான். இரண்டில் எது எதற்கு ஈடு என்று எனக்குத் தெரியவில்லை.*

"எங்கம்மா அந்த வரி?"

"போடல சார்."

"பேஜாரு பண்றியே. வெளியில இருந்து ஒருத்தி, அவளுக்கு என்ன தெரியும். நீ கூடப் பொறந்தவ. அவன அனுப்பிட்டாங்கன்னா ரெண்டு புள்ளைங்கள இழுத்துக்கினு எங்க வருவான்? ஒரு நோய்நொடின்னா ஊருல யாரு பாப்பா? உம் பொண்ணு படிச்சது யாரால?"

"அண்ணனாலதான் சார்."

"அப்புறம்?"

"கேட்டிருந்தா அதையும் அடிச்சிருப்பேன். அது நெஜந்தான்."

அவர் இரண்டு காகிதத்தையும் மடித்து ஜேபியில் வைத்துக்கொண்டு, "இருவத்தி ரெண்டு போதும். நெறைய குடுத்தாலும் சந்தேகம் வந்துடும்," என்றார். வெளியே குழு உறுப்பினர்கள் காத்திருந்தார்கள். கலெக்டர் ஆபீஸ் போர்டு தெரியும்படி நின்று, சான்றிதழ்க் கட்டை எல்லாரும் ஒரு கை பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அரை மணி நேரத்தில் அது குழுவின் வாட்சப்பில் வந்தது: 'விழுப்புரம் சீமையே திரண்டது!' திரண்டவர்கள் ஐந்து பேர்.

லாயருக்கு மெயில் அனுப்புவது ஜெசிந்தாவின் வேலை. தாண்டவராயனுக்குக் கையெழுத்தும் முத்திரையும்தான் அத்துப்படி. காகிதம் கம்பிக்குள் எப்படிப் போகிறது என்பதில் அவருக்கு அக்கறை இருந்ததில்லை. காலையில் அவர் எண்ணித் தீர்க்குமுன்பே அவள் இருபத்து இரண்டையும் தன்னுடையதையும் ஸ்கேன் செய்து வைத்திருந்தாள். வேணி கையெழுத்துப் போட்டதும் அதையும் ஸ்கேனரில் வைத்துத்தான் அவரிடம் நீட்டினாள். ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். இருபத்து மூன்றாவதில், வேணியுடையதில், நின்றது விரல். அண்ணனின் பெரிய பெண்ணுக்கு அடுத்த மாதம் பள்ளி முடிகிறது என்று அவன் போன வாரம் சொன்னது நினைவுக்கு வந்தது. ஜன்னல் வழியே பார்த்தாள். வேணி இரண்டடி நகர்ந்திருந்தாள்.

இருபத்து நான்கையும் அனுப்பினாள்.

அடுத்த ஆள் நீட்டிய மனுவை வாங்கி அடிக்கத் தொடங்கினாள்.

பன்னிரண்டு மணிக்கு வாட்சப் வந்தது. அங்கே நடு இரவு கழிந்திருக்கும். அவன் தூங்கவில்லை போல.

'அனுப்பிட்டியா ஜெசி?'

'அனுப்பிட்டேண்ணா.'

'எல்லாமா?'

'எல்லாம். லாயர் கோர்ட்டுல குடுக்கறதுக்கு முன்னாடி ஒருதரம் படிச்சிப் பாரு. உனக்கும் காப்பி போட்டிருக்கேன்.'

கொஞ்ச நேரம் 'டைப்பிங்' என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

'படிக்கத் தேவையில்லம்மா. நீ அடிச்சா சரியாத்தான் இருக்கும்.'

கீழே கும்பிட்ட கைகள் மூன்று வந்தன.